தாத்தா போட்ட பீப்பாய்

போன இதழில் மடீரா ஒயினைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்து குவிந்த கடிதங்களில் அச்சிலேற்றக்கூடியவை இவை. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரே பின்குறிப்பு: "பேரைப் போட்டுடாதீங்க சார்." ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

மதுரை: மடீரா, மடீரா என்கிறீர்களே, அது ஊரா, சரக்கா?

ஊர் பேரில் சரக்கு. மொராக்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் போர்ச்சுக்கல் தீவு அது. தலைநகர் ஃபுன்ஷால். எரிமலை எழுப்பிய தீவு என்பதால் சமதளத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். சுமார் 740 சதுர கிலோமீட்டருக்குள் 1,862 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிகரத்தை வைத்திருக்கிறார்கள். 1419-ல் போர்த்துக்கீசிய மாலுமிகள் வந்து இறங்கினார்கள். முதலில் கரும்பு போட்டார்கள், பிறகு திராட்சை. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, ‘லெவாடா’ என்கிற வாய்க்கால்களில் உச்சியிலிருந்து தண்ணீரை இழுத்துவந்து செய்கிற விவசாயம். டிராக்டர் ஏறாது, பறிப்பதெல்லாம் கைதான். தீவு முழுக்கச் சேர்த்தாலும் ஒயினுக்கான திராட்சை 500 ஹெக்டேரைத் தாண்டாது. அதுவும் துண்டு துண்டாகச் சிறு விவசாயிகள் கையில். ஒயின் கம்பெனிக்காரர் திராட்சை வாங்கப் படியேறி முழங்கால் வலி வாங்குகிறார்.

சேலம்: மற்ற ஒயினுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குடித்தால் ஏறுமா?

ஏறும். சாதா ஒயினில் ஈஸ்ட் திராட்சைச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. அது தின்றுகொண்டிருக்கும்போதே 96 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் அங்கேயே செத்துப்போகும். மிச்சமிருக்கும் சர்க்கரை இனிப்பாக நின்றுவிடும். கடைசியில் கிடைப்பது சுமார் 19, 20 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின். போர்ட்டும் இந்தச் சாதிதான். ஷெர்ரியில் பெரும்பாலும் ஈஸ்ட் சாப்பிட்டு முடித்த பிறகே சாராயம் சேர்ப்பார்கள். மடீராவில் எப்போது ஊற்றுகிறார்கள் என்பதை வைத்துத்தான் வகை. செர்ஸியால் என்றால் கடைசியில் ஊற்றியது, இனிப்பு குறைவு. அடுத்து வெர்தெல்யோ, அதற்கடுத்து புவால். மாம்ஸி என்றால் சீக்கிரமே ஊற்றியது, நல்ல தித்திப்பு. நாலும் திராட்சை ரகங்களின் பெயர்கள். தீவில் அதிகம் விளைவது என்னவோ தின்டா நெக்ரா என்ற ஐந்தாவது ரகம். நெடுங்காலம் லேபிளில் அதன் பெயரைப் பார்ப்பதே அபூர்வம்.

நாகர்கோவில்: ஒயினைக் குளிர்ந்த பாதாள அறையில் வைப்பதாகத்தான் சினிமாவில் காட்டுகிறார்கள். இதை மொட்டை மாடியில் வைக்கிறார்களாமே?

மொட்டை மாடிக்கு ஒரு தளம் கீழே. ஓட்டுக்கூரையின் சூடு நேராக இறங்குகிற மச்சில்.

இந்த விபரீதம் கப்பலில் ஆரம்பித்தது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் கப்பல்கள் ஃபுன்ஷாலில் நங்கூரம் போட்டுத் தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொள்ளும். கப்பலின் அடித்தட்டில் வேகாத வெயில், ஓயாத ஆட்டம், பூமத்திய ரேகையை ஒரு முறை இரு முறை கடக்கிற அவஸ்தை. வேறு ஒயினாக இருந்தால் வினிகராகிக் கடலுக்குப் போயிருக்கும். விற்காமல் திரும்பி வந்த மடீராப் பீப்பாயைத் திறந்து பார்த்தால், போனதைவிட நன்றாக இருந்தது! அப்புறம் என்ன, வேண்டுமென்றே ஒயினைக் கப்பலேற்றி இந்தியா வரைக்கும் சுற்றிக்காட்டி வீட்டுக்குக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். ‘வின்யோ தா ரோதா’ என்று அதற்குத் தனி மரியாதை, தனி விலை.

கப்பல் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் வெயிலை ஊரிலேயே ஏற்பாடு செய்தார்கள். அவசரக்காரர்களுக்கு ஒரு வழி: தொட்டியில் ஊற்றி 45 முதல் 50 டிகிரி வரை சூடேற்றி மூன்று மாதம் வைப்பது. இன்றும் மலிவான மடீரா இப்படித்தான் வருகிறது. நல்ல சரக்குக்குக் ‘கான்தெய்ரோ’ முறை. மச்சில் மரச்சட்டங்கள் மேல் பீப்பாய்களைக் கிடத்தி, வருஷக்கணக்கில் வெயிலையும் குளிரையும் மாறிமாறி வாங்கவிடுவது. பீப்பாய் நிரம்ப ஊற்றுவதும் இல்லை, காற்றும் உள்ளே போய்வரவேண்டும். சில ஆண்டு கழித்து ஒரு மாடி கீழே இறக்குவார்கள், இன்னும் சில ஆண்டு கழித்து இன்னொரு மாடி. ஊறுகாய் ஜாடிக்கு வாயில் துணி கட்டி வெயிலில் வைத்தெடுக்கிற நம் பாட்டிமார்களுக்கு இதில் எதையும் விளக்கவேண்டியதில்லை.

சென்னை, ஜார்ஜ் டவுன்: இந்தியா வரைக்கும் வந்தது என்கிறீர்களே, எங்கள் பக்கம் தலைகாட்டியதா?

தலைகாட்டியதா? குடியேறியது. கம்பெனிக் காலத்தில் கோட்டையிலிருந்த துரைமார் வீட்டு மேஜைகளில் மடீராவுக்குத்தான் முதல் மரியாதை. காரணம் ரசனை மட்டும் இல்லை. பிரெஞ்சு ஒயின் மெட்ராஸ் சித்திரை மாதத்தைத் தாங்காது. மடீரா ஏற்கெனவே வெந்து வந்தது, அதை இந்த வெயில் என்ன செய்துவிடும்?

கடல் தாண்டி நம் கரைக்கு ஒயின் வருவது அதற்கும் பழைய கதை. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த ஒயின் வந்த ஜாடிகளின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. ஓடு நமக்கு, ஒயின் பாண்டியனுக்கு.

கோவை: எங்கள் ஊரில் மூன்றாம் தலைமுறை வந்ததும் பாகப்பிரிவினைக்குக் கோர்ட் படி ஏறுகிறார்கள். ஒயின் குடும்பங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

பிளாண்டி குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் பிளாண்டி என்ற இங்கிலாந்துக்காரர் 1811-ல் ஃபுன்ஷாலில் கடை போட்டார். இன்று ஏழாவது தலைமுறை நடத்துகிறது. ஊர் நடுவில் இருக்கும் அவர்களுடைய பழைய கிடங்கு 1840-லிருந்து அவர்கள் கையில். அங்கேதான் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒயினை மட்டும் நம்பியிருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும். 1850-களின் தொடக்கத்தில் பூஞ்சை நோய் வந்து கொடிகளைக் கருக்கியது. 1872-ல் ஃபில்லாக்ஸெரா பூச்சி வந்து வேரைத் தின்றது. பல வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு தீவை விட்டே போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் ரஷ்யப் புரட்சி ஒரு பெரிய சந்தையை மூடியது, அமெரிக்க மதுவிலக்கு இன்னொன்றை மூடியது. பிளாண்டிகள் கப்பலுக்கு நிலக்கரி விற்றார்கள், கப்பல் ஏஜென்சி வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், புகழ்பெற்ற ரீட்ஸ் ஹோட்டலை வாங்கினார்கள். நிலக்கரி லாபத்தில் பீப்பாய் தூங்கியது என்று சொன்னால் மிகையில்லை. பழைய ஒயின் விற்கிற குடும்பத்துக்கு முதல் தகுதி நாக்கு என்று நினைப்பார்கள். எனக்குத் தோன்றுவது, பீப்பாயை விற்றுக் காசாக்கவேண்டிய அவசரம் வராமல் பார்த்துக்கொள்கிற வேறொரு வருமானம்.

பங்காளித் தகராறுக்குப் பதில் அவர்கள் செய்தது கூட்டணி. 1913-ல் தொடங்கிய வியாபாரிகள் சங்கத்தில் 1925-ல் பிளாண்டி சேர்ந்தது. லீகாக், 1745-ல் தொடங்கிய கோஸார்ட் கோர்டன் போன்ற பழைய போட்டியாளர்களும் ஒரே கூரைக்குக் கீழே வந்தார்கள். 1989-ல் போர்ட் ஒயின் செய்யும் சிமிங்டன் குடும்பத்தாரிடம் பெரும்பான்மைப் பங்கு போனது. 2011-ல் பிளாண்டிகள் அதைத் திரும்பப் பிடித்தார்கள். கோர்ட்டுக்குப் போகிற நேரத்தை அவர்கள் இதற்குச் செலவழித்தார்கள், அவ்வளவுதான்.

திருப்பூர்: ஒரு பாட்டிலின் விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. குடிக்காமலே போதை! ஏன் இவ்வளவு?

நீங்கள் தொழில் ஊர்க்காரர், கணக்காகவே சொல்கிறேன். 600 லிட்டர் பீப்பாய் ஒன்று. வருஷத்துக்கு 3 சதவீதம் மரத்தின் வழியாக ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே சுமார் 325 லிட்டர்தான். 50 வருஷம் பொறுத்தால் 130 லிட்டர். மீதி ஃபுன்ஷால் காற்றில். ஃப்ராஸ்கெய்ரா என்று லேபிள் ஒட்டவேண்டுமானால் ஒரே ஆண்டு, ஒரே ரகத் திராட்சை, மரத்தில் குறைந்தது 20 வருஷம் என்பது சட்டம். திராட்சைக்கு விவசாயியிடம் பணத்தை அன்றைக்கே கொடுத்தாயிற்று. இருபது வருஷம் ஸ்டாக் தேங்கினால் வட்டி எங்கே நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? பாட்டிலுக்குள் இருப்பதற்கு நீங்கள் கொடுப்பது கொஞ்சம். பாட்டிலுக்குள் வராமல் போனதற்குக் கொடுப்பதுதான் அதிகம்.

தஞ்சாவூர்: அப்படியானால் பீப்பாயைப் போட்டவர் குடிக்கமாட்டார், இல்லையா?

அநேகமாக மாட்டார். போடுகிறவர் தாத்தா, மாடி விட்டு மாடி இறக்குகிறவர் அப்பா, விற்கிறவர் பேரன், குடிக்கிறவர் யாரோ ஒரு கிரெடிட் கார்டுக்காரர்.

இதில் உச்சத்துக்குப் போனவர் ஆஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கிலிருந்த பென்னோ செப்பெல்ட். 1878-ல் புதுக் கிடங்கு கட்டி முடித்த சந்தோஷத்தில், இருப்பதிலேயே நல்ல ஒயினைப் பீப்பாயில் நிரப்பி, 100 வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்து ஒவ்வொரு ஆண்டும் ஒரு பீப்பாய் சேர்ந்துகொண்டே வந்தது. 1978-லிருந்து வருஷா வருஷம் நூறு வயது ஒயின் வெளியே வருகிறது. ஆனால் கிடங்கு இப்போது அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. பீப்பாய் வாக்கைக் காப்பாற்றியது, சொத்து கைமாறிவிட்டது.

புதுச்சேரி: நெப்போலியன் குடித்த மடீரா என்று ஒன்று இருக்கிறதாமே?

நெப்போலியன் குடிக்காத மடீரா. 1815-ல் அவரை செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடு கடத்திக் கொண்டுபோன நார்தம்பர்லாந்து கப்பல் ஃபுன்ஷாலுக்கு வெளியே நின்றது. அங்கிருந்த பிரிட்டிஷ் தூதர் ஹென்றி வீச் கப்பலேறிப் போய்ப் பார்த்தார். கூடவே 1792-ஆம் வருஷத்துப் பீப்பாய் ஒன்றையும் ஏற்றி அனுப்பினார் என்பது தீவில் சொல்லப்படும் கதை. சக்கரவர்த்திக்கு வயிறு சரியில்லை, தொடவில்லை. 1821-ல் அவர் இறந்த பிறகு பீப்பாய் பத்திரமாக மடீராவுக்கே திரும்பி வந்தது. 1840-ல் பிளாண்டிகள் அதைப் பாட்டிலில் அடைத்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 1950 ஜனவரியில் சர்ச்சில் ஓய்வெடுக்கவும் ஓவியம் வரையவும் மடீராவுக்கு வந்து ரீட்ஸ் ஹோட்டலில் தங்கினார். விருந்தில் அந்த 1792 பாட்டில் ஒன்று திறக்கப்பட்டதாகவும், அவரே எழுந்துபோய் விருந்தினர்களுக்கு ஊற்றியதாகவும் சொல்வார்கள். 1792-ல் பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட்டின் தலை கழுத்தின் மேல்தான் இருந்தது, அடுத்த வருஷம்தான் போனது. நெப்போலியனைத் தோற்கடித்த தேசத்துக்காரர் நெப்போலியனுக்குப் போன ஒயினைக் குடித்தார். பாண்டிச்சேரிக்காரரான உங்களுக்கு இது ருசிக்காது, தெரியும்.

ஈரோடு: மடீரா கேக் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?

தாராளமாக. அதில் ஒரு சொட்டு மடீராவும் இல்லை. ஒயினோடு கடித்துக்கொள்ளச் செய்த கேக், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டல்லாஸ்: அமெரிக்காவின் சுதந்திரத்துக்கும் இந்த ஒயினுக்கும் தொடர்பு உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். மானத்தைக் காப்பாற்றுங்கள்.

காப்பாற்றியாயிற்று. 1768-ல் பாஸ்டன் துறைமுகத்தில் ஜான் ஹான்காக்கின் ‘லிபர்ட்டி’ கப்பலைப் பிரிட்டிஷ் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். மடீராவுக்குக் கட்டவேண்டிய வரியை ஏய்த்தார் என்பது குற்றச்சாட்டு. ஊரில் கலவரம் மூண்டது, அதிகாரிகள் ஓடி ஒளிந்தார்கள். பாஸ்டன் தேநீர் விருந்துக்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்தது இது. தேயிலைக்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது, ஒயினுக்குக் கிடைக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து சுதந்திரப் பிரகடனத்தில் முதல் கையெழுத்து, பெரிய கையெழுத்து, அதே ஹான்காக் போட்டது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கடலூர்: டாஸ்மாக்கில் கிடைக்குமா?

கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் முகம் போன போக்கை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

திருச்சி: வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளை வாங்கி வருகிறேன் என்கிறார். லேபிளில் எதைப் பார்க்கச் சொல்வது?

மாப்பிள்ளை நல்லவர். முதலில் ரகத்தின் பெயர். செர்ஸியால், வெர்தெல்யோ, புவால், மாம்ஸி நாலில் ஒன்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும். அடுத்தது எண். ‘10 ஆண்டு’ என்றிருந்தால் கலவை ஒயின் என்று அர்த்தம். பத்து வருஷ ஒயினுக்கு இருக்கவேண்டிய குணம் இருக்கிறதா என்று சுவைத்துப் பார்த்து அனுமதிக்கிறார்கள், பிறந்த தேதி பார்த்து அல்ல. கொல்யெய்தா என்றால் ஒரே வருஷத்து அறுவடை, மரத்தில் குறைந்தது ஐந்து வருஷம். ஃப்ராஸ்கெய்ரா என்றால் நான் திருப்பூர்க்காரருக்குச் சொன்ன இருபது வருஷம். அந்த பாட்டில்களில் பெரும்பாலும் காகித லேபிள் இருக்காது. கறுப்புக் கண்ணாடியில் தகடு வைத்து வெள்ளைப் பெயின்டால் ரகமும் வருஷமும் எழுதியிருப்பார்கள். தொட்டால் எழுத்து விரலில் தட்டுப்படும்.

ஒரு எச்சரிக்கை. ‘சொலேரா 1890’ என்று கண்டு மயங்கவேண்டாம். அந்த வருஷத்தில் தொடங்கிய பீப்பாயில் எடுக்க எடுக்கப் புதிது ஊற்றிக்கொண்டே வந்தது அது. 1890-ன் ஒயின் உள்ளே எத்தனை சொட்டு என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

என் தீர்ப்பு கேட்டால், 10 ஆண்டு வெர்தெல்யோ போதும். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு நோட்டும் காலண்டருக்குப் போகிறது.

உதகமண்டலம்: திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? நான் வருஷத்துக்கு இரண்டு முறைதான் தொடுகிறேன்.

உங்களுக்காகவே கண்டுபிடித்த ஒயின். சாதா ஒயினைத் திறந்தால் சில நாளில் கதை முடிந்தது, காற்றுதான் அதற்கு எமன். இது காற்றையும் சூட்டையும் இருபது வருஷம் பார்த்துவிட்டு வந்தது, புதிதாகக் கெட என்ன இருக்கிறது? மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிற்கவையுங்கள், இதன் புளிப்பு கார்க்கை அரித்துவிடும். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் லிபர்ட்டி ஹால் என்ற அருங்காட்சியகத்தில் ஒயின் அறையைச் செப்பனிட்டபோது, 1796-ஆம் வருஷத்து மடீரா பாட்டில்கள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. உங்கள் இரண்டு தீபாவளிக்கு இடையில் ஒன்றும் ஆகிவிடாது.

காரைக்குடி, ஒரு வாசகி: எல்லாம் சரி, எப்படித்தான் இருக்கும்? குடிக்காதவளுக்குச் சொல்லுங்கள்.

வயதான புவாலைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினால் நடுவில் காப்பி நிறம், ஓரத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கோடு. மூக்கருகே கொண்டுபோனால் கருகப்போகிற தருணத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய சர்க்கரை, வறுத்த கொட்டைப்பருப்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் பழைய மர அலமாரி. இவ்வளவும் வந்ததால் திகட்டும் என்று நினைத்து வாயில் வைத்தால், சுள்ளென்று ஒரு புளிப்பு வந்து இனிப்பை அடக்கும். அந்தப் புளிப்புதான் இதன் உயிர். அது இல்லாத பழைய ஒயின் வெறும் பாகு.

வேலூர்: எங்கள் தெருவில் பிரசவித்த பெண்களுக்குப் போர்ட் ஒயின் கொடுப்பார்கள். ரத்தம் ஊறுமாம், நிறம் வருமாம்.

சிவப்பாக இருக்கிற எதைக் குடித்தாலும் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையைச் சேர்ந்தது இது. ஊறாது. நிறமும் வராது. தாய்ப்பால் கொடுப்பவருக்கு மது எந்த விதத்திலும் மருந்து இல்லை, டாக்டரிடம் கேளுங்கள். இன்னொன்று, நம் ஊர்க் கடைகளில் ‘போர்ட்’ என்று விற்றதெல்லாம் பெயரளவில் போர்ட். அசல் போர்ட், போர்ச்சுக்கலின் டோரூ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வரவேண்டும். அந்த எல்லையை 1756-லேயே வரையறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கம்பம்: எங்கள் பன்னீர் திராட்சையில் இப்படிச் செய்ய முடியாதா?

உங்கள் திராட்சைக்கு ஒரு குறையும் இல்லை. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற நல்ல குலத்தில் பிறந்தது. மடீரா என்று பெயர் வைக்கமுடியாது, அந்தத் தீவுக்கு மட்டுமே உரிமை. வேறு பெயர் வைக்கலாம், உரிமம் வாங்கலாம், பீப்பாயும் வாங்கலாம். இருபது வருஷம் தொடாமல் காத்திருக்க ஆள் வேண்டும். இன்றே தாத்தா ஆகிற உத்தேசம் உண்டா?

திண்டுக்கல்: அந்த ஊரில் மதுவிலக்குத் துறை எப்படி?

ஒயினைக் கண்காணிக்கிற அரசு நிறுவனம் இருக்கிறது. அதே நிறுவனம்தான் தீவின் பூத்தையலையும் கைவினைப் பொருட்களையும் கவனித்துக்கொள்கிறது. ஒரு கையில் கோப்பை, மறு கையில் ஊசி. இதுவரை யாரும் குத்திக்கொண்டதாகத் தகவல் இல்லை.

தூத்துக்குடி: பழைய ஒயின் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

2023-ல் உலக சுகாதார நிறுவனம், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்று பளிச்சென்று சொல்லிவிட்டது. 75 மில்லி மடீராவில் இருக்கிற ஆல்கஹாலும் 300 மில்லி பியரில் இருக்கிறதும் ஒன்றேதான். வயது ஒயினுக்கு ஏறினால் உங்கள் ஈரலுக்கு வயது குறைந்துவிடாது.

கும்பகோணம்: போன மாதம் பேத்தி பிறந்தாள். அவள் பிறந்த வருஷத்து மடீரா ஒன்றை வாங்கிவைத்து, பெரியவளானதும் கொடுக்க ஆசை. எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது ஐயா, அது இன்னும் மச்சில்கூட ஏறியிருக்காது. நல்ல ஃப்ராஸ்கெய்ராவாக வேண்டுமென்றால் இருபது வருஷம் பீப்பாய், அதற்குப் பிறகு பாட்டில், அதற்குப் பிறகுதான் கடை. அவசரப்படாமல் இருங்கள். தமிழ்நாட்டில் மது வாங்குவதற்குச் சட்டப்படி 21 வயது ஆகவேண்டும். உங்கள் பேத்திக்கு அந்த வயது வருகிறபோதுதான் அந்த பாட்டிலுக்கும் வரும்.